யிவூ சந்தையில் சரக்கு எடுப்பது எப்படி?

1982-இல் தெருக்கடைகளாகத் தொடங்கிய, சீனாவின் யிவூ நகர மொத்தச் சந்தையில் இன்று சுமார் 75,000 கடைகள். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் போகலாம். பொம்மை, செயற்கைப் பூ என்றால் சந்தையின் முதல் வட்டாரம். பை, குடை, பூட்டுக்கு இரண்டாவது.

விலை கேட்கும்போதே பெட்டிக்கு எத்தனை உருப்படி, பெட்டியின் அளவென்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். 60×40×50 செ.மீ. பெட்டி 0.12 கன மீட்டர் இடம் பிடிக்கும். 20 அடி கன்டெய்னரில் நடைமுறையில் 28 கன மீட்டர்தான் ஏறும். அதாவது ஏறத்தாழ 230 பெட்டி. காற்றை அடைத்த பொம்மை கடையில் மலிவு, கப்பல் கூலியில் அல்ல.

முன்பணம் பெரும்பாலும் 30 சதவீதம். மீதியை, கிடங்கில் சில பெட்டிகளைப் பிரித்து மாதிரியோடு ஒப்பிட்ட பிறகே கொடுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி ஆர்டர் வேண்டாம். தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.