கடலோர வீடு வாங்கும் முன்: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிலைத்துவிட்ட பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வாங்கலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் என்பது மரபு. கடல்கோள் பற்றிய அச்சம் மனத்தில் தங்கியதால்தான் நம் வீடுகளைத் தெருமட்டத்திலிருந்து இவ்வளவு உயரத் தூக்கிக் கட்டினார்கள் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அது எந்த அளவுக்கு வரலாறு என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கடலருகே போகிறவர் தண்ணீர் எதுவரை வரும் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கை அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. பத்திரம் படித்துச் சொல்லும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன். வீட்டைப் பார்ப்பதற்கு முன் கோட்டைப் பாருங்கள்.

அந்தக் கோடு, ஹை டைட் லைன் எனப்படும் உயர் அலைக்கோடு; கடலேற்றத்தின் (ஓதத்தின்) போது தண்ணீர் நிலத்தில் எட்டும் எல்லை. கடலருகே எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991-இல் வந்தது. பின்னர் 2011-இலும் 2019 ஜனவரியிலும் புதிய அறிவிக்கைகள் வெளியாயின. கடலோரத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை உள்ள பகுதி இந்த மண்டலத்துக்குள் அடங்கும். முட்டுக்காடு போன்ற கழிமுகங்களின் கரைகளுக்கும் தனி வரம்பு உண்டு என்பதால், கடல் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக மனை மண்டலத்துக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளக் கூடாது. மண்டலத்துக்குள் வகைகள் இருக்கின்றன. ஆமை முட்டையிடும் கரை, மணல்மேடு, அலையாத்திக் காடு ஆகியவை முதல் வகை. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகர்ப்பகுதி இரண்டாம் வகை. அங்கே, முன்பே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே புதிதாகக் கட்ட முடியும். ஊரகப் பகுதி மூன்றாம் வகை. 2011 அறிவிக்கையின்படி இதில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத் தடைப் பகுதி. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்திருக்கிறது. இந்த வகைகளைக் காட்டும் வரைபடங்களில், எந்த அறிவிக்கையின்படி ஒப்புதல் பெற்றது அந்த இடத்துக்கு இன்று நடைமுறையில் இருக்கிறது என்பதை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். தரகர் வாய்மொழியாகச் சொல்லும் மீட்டர் கணக்கை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட இடம்தானே, இரண்டாம் வகையாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கொச்சியை அடுத்த மரடுவில் நடந்ததை நான் எல்லோருக்கும் நினைவூட்டுவது இதற்காகத்தான். காயலோரத்தில் நான்கு அடுக்குமாடி வளாகங்களுக்கு உள்ளூர் ஊராட்சி அனுமதி கொடுத்தது. ஊர் பின்னர் நகராட்சியானது. வீடுகள் விற்கப்பட்டு மக்கள் குடியேறினார்கள். ஆனால் அனுமதி தந்த காலத்தில் நடைமுறையில் இருந்த வரைபடத்தில் அந்த நிலம் மூன்றாம் வகையாக இருந்தது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அந்த வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே வீடு வாங்கியவர்களிடமும் பதிவான பத்திரம் இருந்தது. பத்திரம் உரிமையைத்தான் காட்டும். அந்த இடத்தில் கட்டடம் நிற்கலாமா என்பதை வரைபடமே சொல்லும்.

வரைபடத்தைப் பெறுவது கடினமான காரியமன்று. சர்வே எண் எனப்படும் புல எண்களைக் காட்டும் பெரிய அளவு வரைபடத்தில் மனையை இருத்தி, உயர் அலைக்கோட்டிலிருந்து அதன் தூரத்தைக் குறித்துக் கொடுக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உள்ளன; அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றுள் ஒன்று. கட்டி முடித்த வீடாக இருந்தால், விற்பவரிடம் கட்டட அனுமதியோடு கடற்கரை மண்டல அனுமதியின் நகலையும் கேளுங்கள். அனுமதி வரைபடத்தில் உள்ள தளங்களும் இப்போது நிற்கும் தளங்களும் ஒன்றுதானா என்று ஒரு பொறியாளரைக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கடலைப் பார்த்த மாடி அறையும் நீச்சல் குளமும் வரைபடத்தில் இல்லாமல் பின்னால் முளைத்தவையாக இருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அடுத்தது பத்திரம். சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதோடு தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறாமல் வருகிறதா என்பதையும், பட்டா, புலப்படம், அ-பதிவேடு (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) மூன்றும் ஒரே அளவைச் சொல்கின்றனவா என்பதையும் பாருங்கள். கடலோர மனைகளில் சிக்கல் பெரும்பாலும் கிழக்கு எல்லையில்தான் இருக்கிறது. பத்திரத்தில் கிழக்கே “கடல்” என்றோ “கடற்கரைப் புறம்போக்கு” என்றோ எழுதியிருப்பார்கள். ஆனால் சுற்றுச்சுவர் பட்டா எல்லையைத் தாண்டிப் புறம்போக்கில் நிற்கும். நம் ஊர்க் குடும்பம் ஒன்று, இன்னொருவர் கட்டிய அத்தகைய சுவரோடு வீட்டை வாங்கி, பிறகு அளந்தபோது தோட்டத்தில் பாதி தங்களுடையதன்று என்று அறிந்தது. அவர்கள் விலை கொடுத்தது அந்தத் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நில அளவரை வைத்து எல்லைக் கல்லிலிருந்து அளந்துவிடுங்கள். சென்னையில் கிரவுண்டு கணக்கில் பேசுவார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்தரை சென்ட்.

பொது அதிகாரப் பத்திரத்தை (பவர் பத்திரத்தை) வைத்துக்கொண்டு ஒருவர் விற்க வந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்பதைச் சரிபாருங்கள். முடிந்தால் அவரிடமே பேசுங்கள். அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் மட்டும் கைமாறுவதால் சொத்து மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நமக்கு வேண்டியது பதிவான கிரயப் பத்திரம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரில் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாடுவாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்போரும் இங்கே குடியிருப்புச் சொத்தை வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கக் கூடாது. உத்தண்டியைத் தாண்டித் தெற்கே போகப் போக “பண்ணை வீடு” என்ற பெயரில் விற்கப்படும் இடங்களில், நிலத்தின் வகைப்பாடு வருவாய்க் கணக்கில் என்னவாக இருக்கிறது என்று பார்க்காமல் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பச் சொல்லாதீர்கள். மாறாக, விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கிரயங்களில் வழக்கமாகப் பிடிக்கும் 1 சதவீத வரிப் பிடித்தம் போதாது. கூடுதல் விகிதத்தில் பிடித்துச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவர் மேல் விழுகிறது. இதற்கு ஒரு கணக்காயரை முன்கூட்டியே கலந்துகொள்வது அவசியம்.

அடுக்குமாடியில் வாங்கினால், நிலத்தில் உங்களுக்கு வரும் யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று கேளுங்கள்; உப்புக்காற்றில் கட்டடம் தேயும், நிலந்தான் மிஞ்சும். புதிய திட்டமாயின், ரேரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு எண் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது.

விலை என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடலோர வீட்டுக்குச் சந்தை விலை என்று ஒன்றைச் சொல்வது கடினம், ஏனெனில் விற்பனைக்கு வருபவை சில, வாங்கக் கூடியவர்களும் சிலரே. விற்பவர் சொல்லும் தொகை பெரும்பாலும் அவருடைய விருப்பம். நான் செய்யச் சொல்வது இது: அந்த மனைக்கு மட்டுமல்லாமல், அக்கம்பக்கத்துப் புல எண்களுக்கும் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். எந்த ஆண்டில், எத்தனை சதுர அடி, என்ன தொகைக்குப் பதிவானது என்பது அதில் இருக்கும். பதிவான தொகை கைமாறிய தொகையாகவே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாவிட்டாலும், ஒரே மனை சில ஆண்டுகளுக்குள் பலமுறை கைமாறியிருந்தால், வாங்கியவர்கள் ஏன் தங்கவில்லை என்று விசாரிக்க அது போதுமான காரணம். பேசி முடித்த விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஒதுக்கிவையுங்கள். அவசரத் தேவைக்கு விற்றுப் பணமாக்கலாம் என்ற எண்ணத்தோடு இத்தகைய வீட்டை வாங்காதீர்கள். விற்க நினைத்த மாதத்தில் வாங்குபவர் கிடைப்பது அரிது.

நான் கேட்கப்பட்டால், முதல் வரிசை வேண்டாம், சாலையின் நிலப்பக்கத்து இரண்டாம் வரிசையில் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். கடல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் துறைமுகச் சுவரோ கல்வரிசையோ வந்தால், அதன் தெற்கே மணல் சேர்ந்து வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே காசிமேடு முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்ததும் இதனால்தான். புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்ததும் இவ்வாறே. வாங்கப் போகும் இடத்துக்குத் தெற்கே இத்தகைய கட்டுமானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய செயற்கைக்கோள் படங்களில் கரை எங்கே இருந்தது என்பதையும் ஆண்டுவாரியாக ஒப்பிடுங்கள். பிறகு அருகிலுள்ள மீனவர் குப்பத்துக்குப் போய், 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் எந்த மரம் வரை, எந்தக் கோயில் வரை வந்தது என்று வயதானவர்களிடம் மரியாதையோடு கேளுங்கள். படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் அவர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தும் கரை அது. அந்த வழியை அடைத்துக் கட்டிய வீடானால் அதை வாங்க வேண்டாம். இடத்தை ஒருமுறை ஐப்பசி, கார்த்திகை மழையிலும், ஒருமுறை பௌர்ணமி அல்லது அமாவாசை ஓதத்திலும் பாருங்கள். மார்ச் மாதத்து மாலை வெயிலில் எல்லாக் கடலும் அழகாகத்தான் இருக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். நிலத்தடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதப்பதால், ஆழமாகப் போட்டு வேகமாக உறிஞ்சும் ஆழ்துளைக் கிணறு உப்பாகிவிடும். கோடை முடிவில் தண்ணீரை எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். வளவில் (நடு முற்றத்தில்) இறங்கும் மழைநீரை அண்டாவில் பிடித்த நம் வழக்கம், அங்கே ஒரு பெரிய தொட்டியாகத் திரும்பி வரலாம்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, கடலோரத்தில் வீட்டைக் கொல்வது கம்பியின் துருதான். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் கடுமையான சூழலாக வகைப்படுத்தி, எம்-30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. அலைத்துளி நேரடியாகத் தெறிக்கும் இடத்தில் எம்-35, 50 மில்லிமீட்டர். பழைய வீட்டைப் பார்க்கும்போது தூண் அடியிலும் பால்கனி அடிப்பக்கத்திலும் நீளவாக்கில் விரிசலும் துருக்கறையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாகப் பூச்சுப் பூசி வெள்ளையடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். காப்பீட்டில் புயல், வெள்ளம், சுனாமி மூன்றும் அடங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2021 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இவை அடங்கும்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஊரில் நம் வீடுகள் பல இன்று பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பணமின்மை மட்டுமன்று. புள்ளி எனப்படும் குடும்பக் கணக்கு பெருகிப் பெருகி, ஓர் ஓடு மாற்றவும் இருபது பங்காளிகளின் சம்மதம் தேவைப்படுவதுதான். அதே நிலையைக் கடற்கரையிலும் உண்டாக்கிவிடாதீர்கள். யாருக்கு எத்தனை பங்கு என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள்; பராமரிப்பை யார் ஏற்பது, ஒருவர் விலக நினைத்தால் மற்றவர்கள் எந்த முறையில் மதிப்பிட்டு வாங்கிக்கொள்வது என்பதைத் தனி உடன்படிக்கையாக எழுதிக்கொள்ளுங்கள்.

புது வீட்டுக்கு ஊர் வீட்டின் நிலைக்கதவையும் தூண்களையும் கொண்டுபோக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பர்மா தேக்கு கடற்காற்றைத் தாங்கும். அதன் இரும்புக் கீல்களும் தாழ்களும் தாங்காது, பித்தளைக்கு மாற்றுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கூடத்துக்குள் பதிக்கலாம், உப்பு ஈரம் நிற்கும் திறந்த தாழ்வாரத்தில் வேண்டாம். ஆனால் அந்தக் கதவு பங்கு வீட்டுக் கதவாக இருந்தால், எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கைக்கு வரும்வரை நிலையிலிருந்து கழற்றாதீர்கள்.