கோட்டைப் படமும் உரிமமும்: என் அனுபவம்

காட்பாடியில் அச்சகம் நடத்தும் நான், வேலூர் கோட்டை அகழியின் படமொன்றை இணையத்திலிருந்து எடுத்து, ஒரு துணிக்கடையின் நாட்காட்டியில் அச்சிட்டுவிட்டேன். படமெடுத்தவர் அழைத்துப் பேசிய பிறகே, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்துக்கு அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு என்பதை அறிந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, உரிய தொகையைக் கொடுத்து, எழுத்தில் அனுமதி பெற்றேன். அவர் வருத்தம் நியாயமானது.

படங்களை விற்கும் இணையதளங்களில் காணும் 'ராயல்டி ஃப்ரீ' என்பது இலவசமன்று. ஒருமுறை பணம் செலுத்தி, உரிமத்தின் வரம்புக்குள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். 'எடிட்டோரியல்' என்று குறித்த படம் செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கே; விளம்பரத்துக்கு ஆகாது.

இப்போது பெரும்பாலும் விக்கிமீடியா காமன்ஸ் என்னும் இணையப் படக் களஞ்சியத்தில் தேடி, எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கும் 'சிசி பை 4.0' உரிமமுள்ள படத்தை எடுத்து, நாட்காட்டியின் அடி ஓரத்தில் எடுத்தவர் பெயர், உரிமம், மூல இணைப்பு, வெட்டிச் சுருக்கியிருந்தால் அந்த மாற்றம் ஆகியவற்றைச் சிறிய எழுத்தில் அச்சிடுகிறேன்.