செலவில்லாமல் பேச்சு மலாய்: பீடோங் பக்கம் வந்திறங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

உணவகம், முடிதிருத்தகம், நகைக்கடை என்று வேலைக்கோ கல்யாணமாகியோ தமிழ்நாட்டிலிருந்து கெடா மாநிலத்தின் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்துக்கு வருகிறவர்கள் முதல் சில மாதங்களைத் தமிழிலேயே ஓட்டிவிடலாம். தோட்டத்திலும் கடையிலும் தமிழுக்குக் குறைவில்லை. அதற்குப் பிறகு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விலை கேட்கவும், பக்கத்து மலாய்க் கிராமத்து மக்களோடு நாலு வார்த்தை சிரித்துப் பேசவும் புத்தக மலாய் பத்தாது. பேச்சு வழக்கு வேண்டும். வகுப்புக்குப் போகக் காசும் இருக்காது, நேரமும் இருக்காது. காசில்லாமல் கற்க வழி உண்டு. இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் மலாய் என்று நம்புவதில்தான் ஆபத்து.

பெரிய தவறு இதுதான்: கைப்பேசியில் தேடி இந்தோனேசியக் காணொளிகளைப் பார்த்துக் கற்பது. இரண்டும் ஒரே வேர் என்பதால் ஆரம்பத்தில் வித்தியாசமே தெரியாது. இலவசச் செயலிகளிலும் இந்தோனேசியம்தான் எளிதாகக் கிடைக்கிறது. அங்கே ‘பூத்து’ என்றால் தேவை. அதையே பீடோங் மளிகைக் கடையில் சொன்னால் ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். அங்கே ‘காம்பாங்’ என்றால் எளிது. இங்கே பிறப்பைச் சொல்லித் திட்டும் வசை. ‘பெர்சுமா’ இங்கே இலவசம், அங்கே வீண். ‘கெரேத்தா’ இங்கே கார், அங்கே ரயில். காணொளி எந்த ஊருடையது என்று கண்டுபிடிப்பது சுலபம். ‘முடியும்’ என்பதற்கு ‘பிசா’, காருக்கு ‘மோபில்’, பணத்துக்கு ‘உவாங்’ என்று வந்தால் இந்தோனேசியம். ‘முடியும்’ என்பதற்கு ‘போலே’, காருக்கு ‘கெரேத்தா’ என்று வந்தால் மலேசியா. ஒரு நிமிடம் கேட்டாலே இவற்றில் ஒன்று வந்துவிடும்.

மலேசியக் காணொளி என்று உறுதியானாலும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. இணையத்தில் ஓடுவது பெரும்பாலும் கோலாலம்பூர் இளைஞர் பேச்சு. பீடோங்கில் வடக்கத்தி மலாய். ‘பெர்கி’ (போ) இங்கே ‘பி’, ‘மாரி’ (வா) என்பது ‘மாய்’, ‘கெனாப்பா’ (ஏன்) என்பது ‘ஆவாட்’, ‘மெரேக்கா’ (அவர்கள்) என்பது ‘டெப்பா’. சொல்லின் கடைசி ‘ர்’ தொண்டைக்குள் அடங்கிவிடும், ‘பெசார்’ (பெரிய) என்பது ‘பெசாக்’ போலக் கேட்கும். கடைசி ‘ல்’ தேய்ந்து ‘திங்கால்’ (தங்கு) என்பது ‘திங்காய்’ ஆகும். ‘லாகு மானா’ என்று யாராவது கேட்டால் எந்தப் பாட்டு என்று யோசிக்க வேண்டாம். ‘எப்படி’ என்று கேட்கிறார். சந்தையில் ‘தீகா கூப்பாங்’ என்றால் முப்பது சென், ‘லிமா கூப்பாங்’ என்றால் ஐம்பது சென். எழுத்து மலாயில் பழகிய மொழிபெயர்ப்புச் செயலி இதில் அடிக்கடி தடுமாறும், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. காது பழக அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் கெடா எஃப்எம் வானொலி போதும். வானொலி வசதியுள்ள கைப்பேசியில் கம்பியுள்ள காதொலிப்பானைச் செருகினால் அதுவே ஆண்டெனா, டேட்டா செலவாகாது. நேயர்கள் தொலைபேசியில் பேசும் பகுதிகளைக் கேளுங்கள். செய்தி வாசிப்பு இதற்கு உதவாது.

வட்டார வழக்கைப் பிடித்த உற்சாகத்தில் எல்லாரையும் ‘ஹாங்’ என்று அழைக்கிறவர்கள் உண்டு. அது நம் ‘நீ’. சமவயதுக்காரருக்கும் இளையவருக்கும் சரி. வயதில் மூத்தவரிடம் ‘பாக்சிக்’ (மாமா), ‘மாக்சிக்’ (அத்தை), ‘அபாங்’ (அண்ணன்), ‘காக்’ (அக்கா) என்று உறவு சொல்லியே வாக்கியத்தை முடிக்க வேண்டும். ‘நீங்கள்’ என்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. ‘பாக்சிக் நாக் பி மானா?’ என்றால் மாமா எங்கே போகிறார் என்று மரியாதையாகக் கேட்டதாகும். தன்னைச் சொல்ல ‘சாயா’ எங்கேயும் பழுதில்லை. ‘குவா’ (நான்), ‘லூ’ (நீ) என்பதெல்லாம் நெருங்கிய கூட்டாளிகளுக்குள் மட்டும்.

இனி மரபுத்தொடர். தமிழில் இருப்பதை அப்படியே மலாய்ச் சொற்களில் ஊற்றுவது எல்லாரும் செய்வது. சில சமயம் அதிர்ஷ்டவசமாகப் பொருந்தும். கை நீளம் என்றால் இரு மொழியிலும் திருட்டுக் கைதான், ‘பாஞ்சாங் தாங்கான்’. அந்த ஒன்றை நம்பி மற்றதில் இறங்கினால் கவிழ்வோம். பெரிய மனசுக்காரர் என்று பாராட்ட நினைத்து ‘பெசார் ஹாத்தி’ என்றால், அவர் பெருமையும் மகிழ்ச்சியும் அடைந்திருக்கிறார் என்று பொருள். தாராள மனசுக்கு ‘மூரா ஹாத்தி’. ‘மூரா’ என்றால் மலிவு என்று தெரிந்தவர் அதைச் சொல்லவே தயங்குவார், தயங்க வேண்டாம். ‘கெச்சில் ஹாத்தி’ சின்னப் புத்தி அல்ல, மனம் புண்படுதல். தலைக்கனத்தை ‘பெராட் கெப்பாலா’ என்றால் மந்தபுத்தி என்றாகிவிடும். திமிருக்கு ‘பெசார் கெப்பாலா’. ஆகவே உடல் உறுப்பு வரும் தொடர் எதையும் கேட்காமல் மொழிபெயர்க்காதீர்கள்.

பழமொழித் தொகுப்புகளை வாங்கி மனப்பாடம் செய்வது காசுக்கும் கேடு, காலத்துக்கும் கேடு. எஸ்பிஎம் பள்ளித் தேர்வுக் கட்டுரைக்கு அவை உதவும், காய்கறிக் கடைக்கு உதவாது. அன்றாடம் புழங்குபவை குட்டித் தொடர்கள். அவை குடும்பம் குடும்பமாக வரும். ‘காக்கி’ என்றால் கால், கூடவே ஒன்றில் ஊறிப்போன ஆள். ‘காக்கி போத்தோல்’ குடிகாரர், ‘காக்கி பாஞ்சிங்’ தூண்டில் பைத்தியம், ‘காக்கி பங்கு’ பந்தாடவே வராதவர். ‘மாக்கான்’ (சாப்பிடு) என்ற ஒரே சொல்லிலிருந்து ‘மாக்கான் காஜி’ (சம்பளத்துக்கு வேலை செய்தல்), ‘மாக்கான் ஆங்கின்’ (ஊர் சுற்றப் போதல்), ‘மாக்கான் ஹாத்தி’ (மனதுக்குள் புழுங்குதல்), ‘மாக்கான் சுவாப்’ (லஞ்சம்) என்று கிளை பிரியும். வாரத்துக்கு ஒரு குடும்பம், ஐந்து தொடருக்கு மேல் வேண்டாம்.

குறித்துக்கொள்ளும் முறையிலும் தமிழருக்கே உரிய ஒரு வினை உண்டு: மலாயைத் தமிழ் எழுத்தில் எழுதுவது. இந்தக் கட்டுரைக்கே அந்தக் கஷ்டம் இருக்கிறது. ‘பாகி’ என்று எழுதினால் அது காலையா, கொடுப்பதா? ‘தாரி’ நடனமா, ‘இருந்து’ என்னும் சொல்லா? ‘பாரு’ நுரையீரலா, புதியதா? நோட்டில் ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதுங்கள். சொன்னவரையே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தட்டி அனுப்பச் சொன்னால் எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கும். ரூமி இருந்தால்தான் மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் பிஆர்பிஎம் இணைய அகராதியில் இலவசமாகத் தேடவும் முடியும். வழக்குச் சொல் அதில் அகப்படாவிட்டால் பொதுமலாய் வடிவம் என்ன என்று கேட்டுவிட்டுத் தேடுங்கள். நோட்டில் ஒவ்வொரு தொடருக்கும் யார், யாரிடம், எங்கே சொன்னார் என்று மூன்று குறிப்பு போதும். வயது வேறுபட்ட இரண்டு பேர் வாயில் கேட்ட பிறகே நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

புலனத்தில் வரும் சுருக்கங்கள் சின்ன விஷயம். தனி எக்ஸ் எழுத்து ‘தாக்’, அதாவது இல்லை. சொல்லின் பின்னால் 2 என்று போட்டிருந்தால் அதை இரட்டித்துப் படிக்க வேண்டும்.

சமையல்கட்டுப் பையன்கள் முதலில் கற்றுக்கொடுப்பது வசைதான். ‘சியால்’ அவர்களுக்குள் வியப்புக் குறி, பெரியவர் காதில் சாபம். எந்தப் புதுச் சொல்லையும் ‘டெப்பான் மாக்சிக் போலே சாக்காப்?’ என்று கேட்டுப் பாருங்கள். மாக்சிக் முன்னால் சொல்லலாமா என்று பொருள். கேட்டவுடன் பையன் சிரித்தால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம். முக்கியமாகச் சாவு பற்றிய சொற்கள். ‘மாம்புஸ்’ கொச்சை. ‘மாத்தி’ செடிக்கும் பிராணிக்கும், பழுதான இயந்திரத்துக்கும் சரி. மனிதருக்கு ‘மெனிங்கால்’. துக்க வீட்டில் ‘சாலாம் தாக்சியா, பாக்சிக்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக உட்காருங்கள்.