வாங்காத கடனுக்குத் தவணை கேட்கிறார்களா?

உங்கள் பான் எண்ணில் யாரோ கடன் வாங்கிவிட்டார்கள். வசூல்காரர் உங்களை அழைக்கிறார். அவரிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. ‘பாதியாவது கட்டுங்கள்’ என்று கெஞ்சினாலும் மிரட்டினாலும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்து, ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கை. அதைத் தரும் நிறுவனங்களில் சிபிலோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவற்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம்தான். அதில் ‘விசாரணைகள்’ பகுதியைத் தவறவிடாதீர்கள். உங்கள் பெயரில் வேறு எங்கெல்லாம் கடன் கேட்டிருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

போலிப் பதிவை நீக்கும்படி அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் புகார் நகலோடு எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கூசாமல் கேளுங்கள்.