பழைய பின்சக்கர இழுவை காரை நான்கு சக்கரமும் இழுக்கும் காராக மாற்றுவது எப்படி?

கே.ஈ. 70 கொரோலா, பொக்ஸ் லான்சர் மாதிரி பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தால் ஏறிவிடும். அப்படி மாற்ற முடியும், ஆனால் செலவும் காலமும் பிடிக்கும், கைதேர்ந்த ஒரு வெல்டிங் பாஸ் கூடவே இருக்க வேண்டும்.

முதல் வேலை ஸ்பேனரை எடுப்பதில்லை, முடிவெடுப்பது. எப்போதும் நான்கு சக்கரமா, தேவைப்படும்போது மட்டுமா? திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் ஒரு டிஃப் (டிஃபரென்ஷியல், இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்த் தொகுதி) இல்லாவிட்டால், ரம்பொடைப் பக்கத்து முடக்குகளில் காய்ந்த தாரில் ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், போகப்போக கியரே உடையலாம். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துவிடுவதால் அங்கே பிரச்சினை இல்லை. மலையகத்தில் பாதி ஓட்டம் தாரில்தான் என்பதால் நான் நடு டிஃப் உள்ளதையே எடுக்கச் சொல்வேன். அது கிடைக்காவிட்டால், தாருக்கு வந்ததும் லீவரைத் தள்ளி முன்சக்கரத்துக்குப் போகும் இழுவையை விடுவிக்க வேண்டும்.

அடுத்து சாமான். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளில் கடைக்கு ஒன்றாகப் பொறுக்காமல், என்ஜின் நீளவாக்கில் இருக்கும் ஒரே வாகனத்திலிருந்து ட்ரான்ஸ்ஃபர் பெட்டி (கியர்பொக்ஸிலிருந்து வரும் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது), இரண்டு டிஃப், முன் ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி), சி.வி. ஜொயின்ட் (சக்கரம் திரும்பினாலும் இழுவையைக் கொடுக்கும் மூட்டு) எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். சுசுக்கி எஸ்.ஜே. 413 ஜீப்பின் பெட்டி கியர்பொக்ஸோடு ஒட்டாமல் தனியாக இருப்பதால் உங்கள் கியர்பொக்ஸ் அப்படியே இருக்கலாம், ஆனால் அதன் ஹை கியரே 1.409 என்பதால் காரின் வேகம் நன்றாகக் குறையும்.

காரின் பழைய பின் டிஃப்பையே வைத்துக்கொள்வதென்றால் முன், பின் டிஃப்பின் விகிதம் (சக்கரங்கள் ஒரு தடவை சுற்ற ஷாஃப்ட் எத்தனை தடவை சுற்றுகிறது என்பது) ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். வியாபாரி சொல்வதை நம்பாமல் நீங்களே எண்ணிப் பாருங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். கியர்பொக்ஸிலிருந்து பின் டிஃப்புக்குப் போகும் ப்ரொப்பலர் ஷாஃப்டில் சோக்கால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை 20 தடவை சுற்ற ஷாஃப்ட் 41 தடவை சுற்றினால் விகிதம் 4.1, 39 தடவை என்றால் 3.9. மற்றச் சக்கரம் நிலத்தில் நிற்பதால் டிஃப் பாதிதான் சுற்றுகிறது, அதனால்தான் 10க்குப் பதில் 20. கழற்றி வாங்கிய டிஃப்பிலும் ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடித்து இதே மாதிரி எண்ணலாம்.

உண்மையான பாடு முன்பக்கத்தில்தான். 1966இல் வந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜென்சன் எஃப்.எஃப். காரில் முன் டிஃப்புக்குப் போகும் ஷாஃப்ட் இடப்பக்கமாகப் போனதால் அதை வலப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே செய்ய முடிந்தது. நமக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம்தானே, ஆகவே ஷாஃப்ட் இடப்பக்கம் இறங்கும் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். முன் டிஃப்புக்கு இடம் விட என்ஜினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப்பை வெட்ட வேண்டி வரும். வெட்டிக் குறைத்த அளவை வேறு பக்கத்தில் கூட்டி, ஒயில் உறிஞ்சும் குழாயைச் சுற்றித் தகடு அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் செங்குத்தான ஏற்றத்தில் ஒயில் பின்னால் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்து, என்ஜின் பெயரிங் போய்விடும். டிஃப்பைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மெல்லிய தகட்டில் ஒட்டவே கூடாது, கார் பொடியின் பெட்டி வடிவச் சட்டத்தில்தான் வெல்ட் பிடிக்க வேண்டும்.

எல்லாம் பூட்டியதும் நான்கு ஸ்டாண்டில் ஏற்றி மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, சி.வி. ஜொயின்ட்டும் பிரேக் குழாயும் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். அப்புறம் சரிவில் நிறுத்தும்போது ட்ரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டிருந்தாலும் கார் உருளும், ஹேண்ட் பிரேக் மட்டும்தான் பிடிக்கும். வீட்டில் யார் ஓட்டினாலும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

வெட்டத் தொடங்கும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் இன்சூரன்ஸிலும் இந்த மாற்றத்தைப் பற்றி விசாரித்து, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.