பிராய்டைப் படிக்க ஒரு குறுக்கு வழி

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டின் ‘கனவுகளின் விளக்கம்’ நூலை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் முதல் அத்தியாயத்திலேயே மூடி வைத்தவன் நான். கனவைப் பற்றித் தனக்கு முன் யார் யார் என்ன எழுதினார்கள் என்று பிராய்டு அங்கே அடுக்கிக்கொண்டே போகிறார். தாண்டிவிடுங்கள், குற்றமில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் 1895 ஜூலையில் அவர் கண்ட ‘இர்மா’ கனவு வருகிறது; இர்மா என்பது தன் நோயாளி ஒருவருக்கு அவர் அங்கே வைத்த பெயர். அதையும் உடனே தொட வேண்டாம்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு கிழியுங்கள். இடப்பக்கம் அவர் அச்சில் சொன்னது. வலப்பக்கம் பெர்லினில் இருந்த நண்பர், காது மூக்குத் தொண்டை மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிலீஸுக்குக் கடிதத்தில் சொன்னது. கடிதத் தொகுப்பு வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 1950இல் வந்தது வெட்டிச் சுருக்கியது. அதை வாங்கி ஏமாந்திருக்கிறேன். 1985 பதிப்புதான் முழுமையானது. வெட்டுப்பட்ட பகுதியில்தான் எம்மா எக்ஸ்டைன் இருக்கிறார்.

எம்மா, பிராய்டிடம் சிகிச்சை பெற்றவர். 1895 தொடக்கத்தில் ஃபிலீஸ் வியன்னா வந்து அவருடைய மூக்கில் அறுவை செய்துவிட்டு ஊர் திரும்பினார். புண் ஆறவில்லை. வேறொரு மருத்துவர் சோதித்தபோது, உள்ளேயே விடப்பட்டிருந்த அரை மீட்டர் நீளக் கட்டுத்துணி வெளியே வந்தது, ரத்தம் பீறிட்டது. தலைசுற்றி அடுத்த அறைக்கு ஓடிய பிராய்டு, கொஞ்சம் பிராந்தி குடித்துவிட்டுத் தள்ளாடித் திரும்பினார். வலிமை மிக்க பாலினம் இதுதானோ என்று கேட்டாராம் எம்மா! மார்ச் மாதக் கடிதத்தில் இதையெல்லாம் எழுதிய கையோடு, நண்பர் மேல் தவறில்லை என்று சமாதானமும் சொல்கிறார். வலப்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கனவைப் படியுங்கள். இர்மாவின் வாய்க்குள் பார்க்கிறார். மூக்கெலும்பு போன்ற சுருள்கள் தெரிகின்றன. அவர் நோய் தீராததற்கு, அழுக்கு ஊசி போட்டதாகப் பழி ஓட்டோ என்ற நண்பர் தலையில் விழுகிறது. தன் மேல் குற்றமில்லை என்று நிரூபிக்கும் ஆசையே இந்தக் கனவு என்பது பிராய்டின் விளக்கம். எம்மாவின் பெயர் அங்கே இல்லை. பழி துடைக்கப்பட்டது பிராய்டுக்கு மட்டும்தானா, ஃபிலீஸுக்கும் சேர்த்தா? இரண்டு பத்தியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வியே எழுந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். 1896 ஏப்ரலில், சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமையே ஹிஸ்டீரியாவுக்கு (உடலில் காரணம் தெரியாமல் வலி, வலிப்பு போன்றவை வரும் மனநோய் என்று அன்று கருதப்பட்டது) வேர் என்று வியன்னா மருத்துவர்கள் முன் பேசுகிறார்: இடப்பக்கம். அக்டோபரில் தந்தை யாகோப் இறக்கிறார். மறு ஆண்டு ஆகஸ்டில், தன் முக்கிய நோயாளி தானே என்கிறார். செப்டம்பர் 21 அன்று, அந்தக் கொள்கையில் நம்பிக்கை போய்விட்டது என்கிறார்: மூன்றும் வலப்பக்கம். எதிரே இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். இந்த மனமாற்றம் அச்சேறப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரே எச்சரிக்கை: ஃபிலீஸின் பதில்கள் பெரும்பாலும் கிடைக்காது. ஒருவர் மட்டும் பேசும் உரையாடல் இது. தீர்ப்பு எழுத அவசரப்படாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு முதல் அத்தியாயத்தைப் படிக்கத் தோன்றினால் படியுங்கள். எனக்கு இன்னும் தோன்றவில்லை.