ஜெர்மன் ஸ்டால்ஹெல்ம் வாங்கப் போகிறீர்களா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

ஸ்டால்ஹெல்ம் என்னும் இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் எஃகுத் தலைக்கவசத்தைக் கையில் எடுத்ததும் புதியவர்களின் கண் பக்கவாட்டில் இருக்கும் கழுகுச் சின்னத்துக்குத்தான் போகும். அதைக் கடைசியில் பாருங்கள். விலையை ஏற்றிவிடுவது அந்த ஒட்டுப்படம்தான். அதனால் போலி செய்பவர்களின் கைவரிசையும் அங்கேதான். பார்க்கும் வரிசை உள்ளிருந்து வெளியே இருக்கட்டும்.

1. மாடல். விளிம்பில் விரலை ஓட்டுங்கள், பிறகு காற்றுத்துளையைப் பாருங்கள். 1935 மாடலில் விளிம்பு உள்பக்கமாகச் சுருட்டியிருக்கும், துளையில் தனியாகச் செருகிய சிறு வளையம் இருக்கும். 1940 மாடலில் விளிம்பு அப்படியே, துளை மட்டும் தகட்டிலேயே அழுத்தி எடுத்தது. 1942 மாடலில் விளிம்பைச் சுருட்டவே இல்லை. வெட்டிய தகடு வெளியே விரிந்து நிற்கும். போர் நெருக்க நெருக்க தொழிற்சாலை ஒவ்வொரு வேலையாகக் குறைத்துக்கொண்டே போனது இந்த மூன்றையும் அடுக்கி வைத்தாலே தெரியும். ஹங்கேரியின் 38 மாடலும் பார்வைக்கு இதே மாதிரிதான். ஆனால் பின்பக்கம் ஒரு சிறு கொக்கி இருக்கும். ஸ்பெயினுடையதில் அது முன்பக்கம்.

2. முத்திரை. கவிழ்த்து, உள்ளே பெரும்பாலும் இடப்பக்க விளிம்பருகே தேடுங்கள். எழுத்தும் எண்ணும் இருக்கும். 'ஈ.டி.' என்றால் தாலே நகரத்து ஆலை, 'கியூ' என்றால் எஸ்லிங்கனில் இருந்த குவிஸ்ட் ஆலை, 'என்.எஸ்.' என்றால் ஷ்வெர்ட்டே நகரத்து ஆலை. எண், ஓட்டின் (வெளி எஃகுக் கூட்டின்) அளவு: 62, 64, 66 என்று இருக்கும். பின்புறம் தனியாக ஒரு தொகுதி எண்ணும் இருக்கும்.

3. உள்தோலும் ஊசிகளும். என் கணிப்பில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. தோல் எட்டு நாக்குகளாக இருக்கும், உலோகப் பட்டையில் பொருத்தியிருக்கும். அந்தப் பட்டையிலும் இரண்டு எண்கள் உண்டு: ஓட்டின் அளவும் தலையின் அளவும். 64 ஓட்டுக்கு 56 அல்லது 57தான் பொருந்தும். 66 ஓட்டில் 57 என்ற பட்டை இருந்தால் இரண்டு தலைக்கவசங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

பட்டையைப் பிடித்திருப்பவை மூன்று பிளவு ஊசிகள்: பின்னால் ஒன்று, முன்பக்கமாக இருபுறமும் ஒவ்வொன்று. அவற்றின் தலையில் பெயிண்ட் சுற்றிலும் விரிசல் விட்டிருக்கிறதா, உள்ளே மடித்த கால்களில் புதுக் கீறல் பளபளக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். நீங்களும் ஆர்வக்கோளாறில் கழற்றிவிடாதீர்கள்.

4. பெயிண்டும் துருவும். புதுப் பெயிண்ட் வாசனை வருகிறதா என்று மோந்து பாருங்கள். வெளிப்பக்கம் தேய்ந்து, உள்பக்கம் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம், அதற்கு நேர்மாறாக இருந்தாலும் சந்தேகம். மேலோடிய துரு பரவாயில்லை. தகட்டைக் குழி குழியாய் அரித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சேகரிப்பாளர்கள் பெயிண்ட், ஒட்டுப்படம் இரண்டையும் சதவீதமாகவே பேசுவார்கள்: '90 சதவீதம் பெயிண்ட், 70 சதவீதம் கழுகு' என்று.

5. இப்போது ஒட்டுப்படம். தரைப்படையினரின் தலைக்கவசத்தில் இடப்பக்கம் கழுகும் வலப்பக்கம் கறுப்பு-வெள்ளை-சிவப்பு மூவர்ணக் கேடயமும் இருந்தன. 1940 மார்ச்சில் மூவர்ணத்தை எடுக்கச் சொன்னார்கள், 1943இல் கழுகையும். ஆகவே 1942 மாடலில் தரைப்படையின் இரண்டு ஒட்டுப்படங்களும் இருந்தால் விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். நாஜிக் கட்சியின் படையான எஸ்.எஸ்.ஸின் சின்னம் இருந்தால் இன்னும் வேகமாக நகரலாம். அதைப் போல் போலியாக்கப்பட்டது வேறில்லை. ஜெர்மனியில், கழுகு பற்றியிருக்கும் ஸ்வஸ்திகாவைப் பொதுவெளியில் தெரியும்படி வைப்பதே பொதுவாகத் தண்டனைக்குரிய குற்றம் (குற்றவியல் சட்டம், 86ஏ பிரிவு), அங்கிருந்து வரும் படங்களில் அது மறைக்கப்பட்டிருந்தால் வியக்க வேண்டாம்.

6. வாங்கியபின். கம்பி நார், துரு நீக்கி, தோலுக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும். உள்ளே அமிலமில்லாத காகிதம் திணித்து, நேர் வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். தாடைவாரைப் பிடித்துத் தூக்காதீர்கள். எண்பது வருடத் தோல் அறுந்து கையோடு வந்துவிடும்.